சவுக்கு யார் கையில்?

1854ஆம் ஆண்டின் பிற்பகுதி. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு விசாரணை. விசாரிக்கப்படுபவர் பிரெடரிக் வாக்கர், பூர்வகுடிக் காவல்படையின் கமாண்டன்ட். குடி அளவு மீறிவிட்டது, பணக் கணக்கு சரியில்லை என்று அவர் மேல் புகார்கள். அவற்றை மறுத்துப் பேச வேண்டிய மனிதர், விசாரணைக்கே குடித்துவிட்டு வந்து நின்றார். வேலை போயிற்று.

இதில் வேடிக்கை என்று பார்த்தால் அவ்வளவுதான். அடுத்து நடந்ததுதான் யோசிக்க வைக்கிறது. தலைவர் போனதும் படை ஆட்டம் கண்டது. வீரர்கள் ஓடிப்போனார்கள், அரசு படையைச் சுருக்கியது. சில ஆண்டுகள் கழித்து வாக்கர் சொந்தமாக ஒரு படை சேர்த்தபோது, அதில் இருந்தவர்கள் அவருடைய பழைய வீரர்களே. அரசாங்கம் கொடுத்த சீருடையைக் கழற்றிவிட்டு, அரசாங்கம் வேலையை விட்டு நீக்கிய மனிதரின் பின்னால் அவர்கள் போனார்கள்.

அப்படியானால் அந்தப் படையை அதுவரை கட்டிவைத்திருந்தது எது? சட்டமா, ஒரு மனிதரா? ஒரு வீரன் குதிரை ஏற மறுத்தால், இரவோடு இரவாக முகாமை விட்டு ஓடினால், கட்டளையை மீறிச் சுட்டால், அல்லது கட்டளைப்படியே சுட்டால், அவனைத் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு எந்தச் சட்டத்திலிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஐம்பது ஆண்டு இயங்கிய ஒரு கொலை இயந்திரத்தின் அச்சாணி எங்கே இருந்தது என்பது தெரியவரும்.

படை பிறந்த கதை

பூர்வகுடியினரையே காவலராக்கும் யோசனை வாக்கருடையது அல்ல. இன்றைய மெல்போர்னைச் சுற்றியிருந்த போர்ட் பிலிப் மாவட்டத்தில் 1837இலேயே ஒரு முயற்சி நடந்தது. அது நிலைக்கவில்லை. 1842 பிப்ரவரியில் ஹென்றி டானா என்பவரின் கீழ் மறுபடி தொடங்கினார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒரு தாளில் தங்கள் குறியைப் போட்டுச் சேர்ந்தார்கள். முதலில் குறி போட்டவர் வுருண்ட்ஜெரி மக்களின் மதிப்புமிக்க தலைவர் பில்லிபெல்லரி. பிற பூர்வகுடியினருக்கு எதிராகவே இந்தப் படை ஏவப்படும் என்பது தெளிவானதும் அவர் விலகிக்கொண்டார். சேர்ந்தவர்கள் எல்லாரும் துப்பாக்கிக்கும் சீருடைக்கும் மயங்கினார்கள் என்று சொல்லிவிட முடியாது. தன் மக்களுக்கு இதில் ஏதாவது பிடிமானம் கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் இருந்தார்கள்.

1848இல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் பிட்ஸ்ராய், வடக்கு எல்லைக்காக ஒரு படை அமைக்கச் சொல்லி வாக்கரை நியமித்தார். வாக்கர் அதற்கு முன் செம்மறிப் பண்ணை மேலாளர். டூமட் என்ற ஊரில் சிறு நீதிமன்றத்தின் எழுத்தராகவும் இருந்தவர். அவர் தெற்கே மர்ரே, மர்ரம்பிட்ஜி ஆறுகளின் பக்கம் போய்ப் பதினான்கு பேரைத் திரட்டினார். அவர்களுடன் பல நூறு கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்து, 1849இல் மக்கின்டயர் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார்.

இந்தப் பயணம் தற்செயலானது அல்ல. தன் மண்ணிலேயே வேலை பார்க்கும் காவலனுக்கு மாமன் மச்சான் உண்டு, மொழி உண்டு, ஓடி ஒளிய இடம் உண்டு. பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுவந்து விட்டால் அவனும் அந்நியன்தான். அங்குள்ளவர்களுக்கு அவன் எதிரி. தப்பி ஓடினால் வழியில் எந்தக் கூட்டம் அவனை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. சட்டப் புத்தகத்தில் எழுதாமலே வீரனைக் கட்டிவைத்த முதல் கயிறு அந்தத் தூரம்தான்.

1859 டிசம்பரில் குயின்ஸ்லாந்து தனிக் குடியேற்ற நாடாகப் பிரிந்தபோது இந்தப் படையையும் சுவீகரித்துக்கொண்டது. தமிழ்நாட்டைப் போலப் பதின்மூன்று மடங்கு பரப்பு. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முகாம்கள். பொதுவாக முகாமுக்கு ஒரு வெள்ளை அதிகாரி, ஆறு முதல் எட்டு வீரர்கள். பக்கத்து முகாம் பல நாள் குதிரைப் பயணத் தொலைவில்.

இரண்டு இப்ஸ்விச்

படை ஒழுங்கு என்பது ஓங்கிக் கட்டளையிடும் குரலில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். பிரிட்டிஷ் சட்டம் அப்படி நினைக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் சிப்பாயும் ஒரு குடிமகன். அவன் வேலையை விட்டு ஓடினால் அது ஒப்பந்தத்தை மீறியது, அவ்வளவுதான். அவனைக் கட்டிவைத்துக் கசையால் அடித்தால் அடித்தவர்தான் குற்றவாளி. அடிக்கவும் சிறை வைக்கவும் சுடவும் ராணுவ நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டுமென்றால், அதை நாடாளுமன்றம்தான் தர வேண்டும்.

இந்த இடைவெளி வெளிச்சத்துக்கு வந்தது இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில். 1689இல் ஒரு ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு அங்கே கலகம் செய்தது. அவசர அவசரமாக நாடாளுமன்றம் கலகச் சட்டத்தை இயற்றியது. அதையும் நிரந்தரமாகத் தந்துவிடவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று வைத்தது. புதுப்பிக்காவிட்டால் படையை அடக்கும் சட்டம் இல்லை. 1879 வரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டு, கலகச் சட்டம் இப்படித்தான் நீடித்தது. உலகத்தில் ஏறக்குறைய கால்பங்கை ஆண்ட சாம்ராஜ்யம், தன் சிப்பாயை அடிப்பதற்கு ஆண்டுதோறும் அனுமதி வாங்கியது.

போலீஸ்காரர் நிலை வேறு. கான்ஸ்டபிள் சத்தியப் பிரமாணம் எடுத்துப் பதவி ஏற்கிறார். கைது செய்யும் அதிகாரம் அவருக்கே உரியது. மேலதிகாரி சொன்னார் என்பதற்காகக் குற்றம் செய்தால், மேலதிகாரியின் பெயரைச் சொல்லித் தப்ப முடியாது. அதிகாரமும் பொறுப்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்து வருகின்றன.

பூர்வகுடிக் காவல்படை வீரன் இந்த இரண்டில் எது? துப்பாக்கி, குதிரை, முகாம், ரோந்து என்று பார்த்தால் சிப்பாய். பெயரைப் பார்த்தால் போலீஸ். சட்டத்தைப் பார்த்தால் இரண்டும் முழுமையாகப் பொருந்தவில்லை. சிப்பாய்க்கு உரிய ராணுவ நீதிமன்றம் அவனுக்கு இல்லை. சத்தியம் செய்யும் தகுதியே இல்லை என்று நீதிமன்றம் கருதிய ஒருவரை, சத்தியம் செய்யவைத்துக் கான்ஸ்டபிள் ஆக்குவது எப்படி? குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் இந்தப் படைக்காக ஆண்டுதோறும் பணம் ஒதுக்கியது. ஆனால் படைக்கென்று ஒரு தனிச் சட்டம் இயற்றவே இல்லை. 1863இன் போலீஸ் சட்டம் வந்த பிறகு, 1864 முதல் இந்தப் படை போலீஸ் கமிஷனர் டேவிட் செய்மூரின் கீழ் வந்தது. அவர் 1895 வரை, முப்பத்தொரு ஆண்டு, அந்த நாற்காலியில் இருந்தார். பிரிஸ்பேனில் இருந்த அந்த நாற்காலிக்கும் வடகோடி முகாமுக்கும் நடுவே ஆயிரம் மைல்.

எனவே நடைமுறையில் ஒழுங்கு அதிகாரம் ஒரே இடத்தில் குவிந்தது: முகாமில் இருந்த ஒற்றை வெள்ளை அதிகாரியிடம். உணவுப் பங்கை நிறுத்துவது, சங்கிலியில் பூட்டுவது, சவுக்கால் அடிப்பது, ஓடியவனைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் அவர் தீர்ப்பு. அவருக்கு மேல் முறையீடு இல்லை. அவருடைய குணம் எதுவோ அதுவே அந்த முகாமின் சட்டம். வாக்கர் போனதும் படை கலைந்ததன் காரணம் இப்போது விளங்கும். வீரர்கள் சத்தியம் செய்து கட்டுப்பட்டது ஓர் அரசுக்கு அல்ல. அவர்களுக்குத் தெரிந்தது ஒரு மனிதரைத்தான்.

1857 அக்டோபரில் ஹார்னெட் பேங்க் பண்ணையில் பூர்வகுடியினர் தாக்கிப் பதினொரு பேர் இறந்தபின், பண்ணையார்கள் வாக்கரின் தனிப் படையை வரவேற்றார்கள். 1859இல் அரசு தலையிட்டு அதைக் கலைக்கச் சொன்னது. அதே மனிதர், அதே வீரர்கள், அதே வேலை. முன்பு அரசாங்கம் பணம் கொடுத்தது, இப்போது பண்ணையார்கள் கொடுத்தார்கள். சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு பணப்பையின் சொந்தக்காரர் யார் என்பதுதான்.

கல்கத்தா வணிகரும் ஆஸ்திரேலியச் சாட்சியும்

அதிகாரி எல்லை மீறினால் நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தது. பூர்வகுடியினர் பிரிட்டிஷ் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 1836இலேயே, மர்ரெல் வழக்கில் சொல்லிவிட்டது. உட்பட்டவர் என்றால் பாதுகாப்பும் உண்டு. அவரைக் கொன்றால் கொலை, அடித்தால் தாக்குதல். ஏட்டளவில் அப்படித்தான். ஆனால் குற்றத்தை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். எல்லைக் காட்டில் என்ன நடந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் யார்? சுட்ட வீரர்கள், உயிர் தப்பிய உறவினர்கள். எல்லாரும் பூர்வகுடியினர். அவர்கள் சாட்சி செல்லாது.

ஏன் செல்லாது என்பதற்கான விடை நம் நாட்டுப் பக்கம் இழுத்து வருகிறது. சத்தியம் என்பது பைபிளின் மேல் கைவைத்துச் செய்வது என்றிருந்த காலத்தில், கல்கத்தா வணிகர் ஓமிசந்த் தொடுத்த ஒரு வழக்கு லண்டனுக்குப் போனது. அவர் தரப்புச் சாட்சிகள் இந்துக்கள். பிராமணர் ஒருவரின் பாதத்தைத் தொட்டுத் தங்கள் முறைப்படி சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். இது செல்லுமா? செல்லும் என்று 1744இல் லண்டன் நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பொய்ச் சத்தியம் செய்தால் தண்டிக்கும் ஒரு கடவுளை நம்புகிறவர் எந்த மதத்தவரானாலும் அவர் சாட்சி ஏற்கப்படும் என்பது அதன் சாரம்.

தாராள மனம் கொண்ட தீர்ப்பு. ஆனால் ஒரு கதவைத் திறந்த அதே வரி இன்னொரு கதவைச் சாத்தியது. தண்டிக்கும் கடவுளை நம்பாதவர் என்று நீதிமன்றம் கருதினால், அவர் சாட்சி சொல்லவே முடியாது. ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் ஆன்மிகம் இந்த அச்சுக்குள் அடங்கவில்லை. பல்லாயிரம் ஆண்டு மரபு கொண்ட மக்கள், நீதிமன்றத்தின் கணக்கில் சத்தியம் அறியாதவர்கள் ஆனார்கள்.

இதன் விலை என்ன என்பதை 1838இன் மயால் க்ரீக் படுகொலை காட்டுகிறது. குறைந்தது 28 பூர்வகுடியினரைக் கொன்றதற்காக ஏழு வெள்ளையர் அந்த டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதை முடியவைத்தது, கைதியாக நாடு கடத்தப்பட்டு வந்து பண்ணைக் குடிசையைக் காவல் காத்த ஜார்ஜ் ஆண்டர்சன் என்ற வெள்ளையரின் சாட்சியம். நடந்ததை அறிந்த டேவி என்ற பூர்வகுடி இளைஞர் கூண்டில் ஏற முடியவில்லை. மீதி நான்கு பேர் மேலான வழக்கு அப்படியே கைவிடப்பட்டது.

பிழையைத் திருத்த வழி இருந்தது. சத்தியம் இல்லாத சாட்சியத்தையும் ஏற்க குடியேற்ற நாடுகள் சட்டம் செய்துகொள்ளலாம் என்று லண்டன் நாடாளுமன்றம் 1843இல் அனுமதித்தது. நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றத்தில் 1844இலும் 1849இலும் மசோதாக்கள் வந்தன, இரண்டும் தோற்றன. எதிர்ப்பில் முன்னின்றவர் வில்லியம் வென்ட்வொர்த், பெரும் பண்ணையார். பூர்வகுடிச் சாட்சியை மனிதக் குரங்கின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பேசியவர். வாக்கர் முன்பு மேலாளராக இருந்தது இவருடைய பண்ணையில்தான். சாட்சிகளின் வாயை அடைத்த சபையும், ஆயுதப் படைக்குக் காசு கொடுத்த சபையும் ஒன்றே என்பதை மறக்கக் கூடாது.

இப்போது மொத்த அமைப்பும் கண்ணுக்குத் தெரியும். மேலே இருந்து பார்க்கச் சட்டம் இல்லை. கீழே இருந்து பேச வாய் இல்லை. நடுவில் ஒரு மனிதர், ஒரு சவுக்கு, எட்டுத் துப்பாக்கி.

‘கலைத்தல்’ என்றால்?

1860 டிசம்பரில் பாசிபெர்ன் என்ற இடத்தில் லெப்டினன்ட் பிரெடரிக் வீலரின் பிரிவு பூர்வகுடியினர் சிலரைச் சுட்டுக் கொன்றது. பக்கத்தில் இருந்த ஊரின் மருத்துவரும் மாஜிஸ்திரேட்டுமான ஹென்றி சாலினர் சும்மா இருக்கவில்லை. மரண விசாரணை நடத்தினார். அவருடைய ஊரின் பெயரும் இப்ஸ்விச். கலகச் சட்டம் பிறக்கக் காரணமான இப்ஸ்விச்சின் பெயரைத் தாங்கிய குயின்ஸ்லாந்து ஊர். அங்கே ஒரு கலகம் சட்டத்தை வரவழைத்தது. இங்கே ஒரு மருத்துவர் இருக்கிற சட்டத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார், வரவில்லை.

விவகாரம் பெரிதாகி, 1861இல் நாடாளுமன்றத் தெரிவுக்குழு அமைந்தது. தலைவர் ராபர்ட் ராம்சே மெக்கன்சி. படையின் உத்தரவுகளில் திரும்பத் திரும்ப ஒரு சொல் வந்தது: கூட்டமாக இருக்கும் பூர்வகுடியினரைக் ‘கலைக்க’ வேண்டும். குழு வீலரைக் கேட்டது: கலைப்பது என்றால் என்ன? அவர் தயங்கவில்லை. அவர்கள் மேல் சுடுவது என்றார்.

அறிக்கை எழுதும் குழு ஒன்றின் முன்னால், பதிவாகும் என்று தெரிந்தே சொன்ன விடை இது. ஆனாலும் வீலருக்குக் கிடைத்தது கண்டிப்பும் இடமாற்றமும் மட்டுமே. அதிகாரிகள் தரமானவர்களாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனியில் குழு முடித்தது. நோய் மனிதரிடம் என்று சொல்லிவிட்டால் அமைப்பைத் தொட வேண்டியதில்லை.

அதிகாரிகளுக்குக் கைகொடுத்த இன்னொரு வாதமும் உண்டு. அடர்ந்த புதர்க்காட்டுக்குள் வீரர்கள் சீருடையைக் கழற்றிவிட்டு நுழைவார்கள். குதிரையில் இருக்கும் அதிகாரி பின்தங்கிவிடுவார். உள்ளே நடந்தது அவருக்குத் தெரியாது. இதன் அழகைக் கவனியுங்கள். ஒழுங்கு குலைந்தால் பழி வீரன் மேல். ஒழுங்கு நிலைத்தால் பெருமை அதிகாரிக்கு. வீரனிடம் கேட்டுச் சரிபார்க்க முடியாது, அவன் சாட்சி செல்லாது. சவுக்கைப் பிடித்த கை, தேவைப்படும்போது தன்னிடம் சவுக்கே இல்லை என்று விரித்துக் காட்டியது.

1866 மார்ச்சில் படைக்கான விதிமுறைகள் அரசிதழில் வெளியாயின. தேவையற்ற வன்முறை கூடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. கலைக்கும் கடமையும் இருந்தது. எது தேவை, எது தேவையற்றது என்று அளக்கும் கோல் மறுபடியும் அதே ஒற்றை அதிகாரியிடம்.

வீலர் கதை அத்துடன் முடியவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, 1876இல், பெல்யாண்டோ பகுதியில் ஜெம்மி என்ற பூர்வகுடி இளைஞரைச் சவுக்கால் அடித்து அவர் இறந்ததற்காக வீலர் மேல் கொலை வழக்கு பதிவானது. இந்த முறை வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஜாமீன் கிடைத்தது. வெளியே வந்தவர் தலைமறைவானார். விசாரணை நடக்கவே இல்லை.

1884 அக்டோபரில் வடக்கே இர்வின்பேங்க் சுரங்க ஊர் அருகே சப் இன்ஸ்பெக்டர் வில்லியம் நிக்கல்ஸின் பிரிவு ஒரு முதியவர், இரண்டு பெண்கள், ஒரு குழந்தை என நான்கு பேரைக் கொன்றது. ஊர் வெள்ளையர்களே கொதித்துப் புகார் செய்தார்கள். நிக்கல்ஸும் வீரர்களும் கைதானார்கள். வழக்கு நிற்கவில்லை. நிக்கல்ஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். நான்கு உயிருக்குச் சட்டத்தால் கொடுக்க முடிந்த உச்சத் தண்டனை, முப்பது ஆண்டுக்கு முன் குடித்துவிட்டு வந்த வாக்கருக்குக் கிடைத்த அதே தண்டனை. சத்தியம் இல்லாத பூர்வகுடிச் சாட்சியத்தை ஏற்கும் திருத்தத்தை குயின்ஸ்லாந்து செய்தது அந்த 1884இல்தான். லண்டன் அனுமதி கொடுத்து நாற்பத்தோரு ஆண்டு ஆகியிருந்தது.

வீரனின் பக்கம்

இந்தப் படை வீரர்களைத் துரோகிகள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அவர்கள் சுட்டார்கள், கொன்றார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பலர் சேர்ந்தது விருப்பத்தால் அல்ல. சிறையில் இருந்தவர்கள், தங்கள் கூட்டம் அழிந்து தனித்துப்போனவர்கள், மிரட்டிக் கொண்டுவரப்பட்டவர்கள் இருந்தார்கள். ஊதியம் சொற்பம். ஓடிப்போவது ஓயாமல் நடந்தது. மேல் முறையீடு இல்லாத இடத்தில் கால்தான் மேல் முறையீடு.

அவர்கள் சட்டத்தின் கண்ணில் யாராக இருந்தார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு சாட்சி. 1879இல் விக்டோரியாவில் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனையும் அவன் கூட்டத்தையும் பிடிக்க, குயின்ஸ்லாந்திலிருந்து சப் இன்ஸ்பெக்டர் ஸ்டான்ஹோப் ஓ’கானரும் பூர்வகுடி வீரர்களும் வரவழைக்கப்பட்டார்கள். தடம் பார்ப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. கெல்லி அஞ்சியதும் அவர்களைத்தான். 1880 ஜூனில் கிளென்ரோவன் விடுதி முற்றுகையில் அவர்களும் இருந்தார்கள். கெல்லி பிடிபட்டான். 8,000 பவுண்டு பரிசைப் பங்கிட ஒரு குழு அமர்ந்தது. தடம் பார்த்தவர்களுக்கு ஆளுக்கு 50 பவுண்டு என்று முடிவானது. ஆனால் பணத்தைக் கையாளத் தெரியாதவர்கள் என்று சொல்லி, அதை அவர்கள் கையில் கொடுக்காமல் அரசுகளின் பொறுப்பில் விடச் சொன்னது குழு. துப்பாக்கியைக் கையாளத் தெரிந்தவர்கள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மண் சொல்லும் சாட்சி

படையின் ஆவணங்களில் பெரும்பகுதி இன்று இல்லை. நீதிமன்றம் கேட்க மறுத்த வாய்கள் மண்ணுக்குள் போய்விட்டன. அந்த மண்ணைத் தோண்டித்தான் அண்மையில் சில விடைகள் கிடைத்தன. தொல்லியலாளர்கள் ஹெதர் பர்க், லின்லி வாலிஸ், பிரைஸ் பார்க்கர் ஆகியோரும் அவர்களது குழுவினரும், பூர்வகுடிச் சமூகங்களோடு சேர்ந்து, குயின்ஸ்லாந்து முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களின் இடங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். சிலவற்றை அகழ்ந்தார்கள்.

கிடைத்தவை: சீருடைப் பொத்தான்கள், ஸ்னைடர் துப்பாக்கியின் .577 அங்குலத் தோட்டா உறைகள், மது பாட்டில் சில்லுகள். அந்தச் சில்லுகளைக் கூர்ந்து பார்த்தபோது ஓரங்கள் நேர்த்தியாகத் தட்டிக் கூராக்கப்பட்டிருந்தன. கல்லில் ஆயுதம் செய்யும் பழைய கைத்திறனைக் கண்ணாடியில் காட்டியிருக்கிறார்கள். அதிகாரி காலி செய்த பாட்டிலில் வீரனோ அவன் மனைவியோ கத்தி செய்துகொண்டார்கள். பெயர் பதியாத மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்கள், சமைத்தார்கள், தங்கள் முறைப்படி வேலை செய்தார்கள் என்பதற்கு எந்த நீதிமன்றமும் தள்ள முடியாத சாட்சி அது.

எத்தனை பேர் இறந்தார்கள்? 2014இல் வரலாற்றாய்வாளர்கள் ரேமண்ட் எவன்ஸ், ராபர்ட் ஓர்ஸ்டெட்-ஜென்சன் இருவரும் ஒரு கணக்கு முன்வைத்தார்கள். எஞ்சியிருந்த மாத அறிக்கைகளைக் கொண்டு, முகாம்கள் எத்தனை ஆண்டு இயங்கின, எத்தனை ரோந்து, அவற்றில் எத்தனை ‘கலைப்பு’ என்று கணித்தார்கள். 3,420 கலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் சராசரி 12 மரணம். ஆகமொத்தம் 41,040 பேர். இது மதிப்பீடுதான், சராசரியைச் சற்று மாற்றினால் விடையும் மாறும், அதனால் விவாதமும் தொடர்கிறது. ஆனால் இந்தக் கணக்கைப் போட வேண்டிய நிலை ஏன் வந்தது என்று பாருங்கள். ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்து எழுதியிருக்க வேண்டிய அமைப்பு, எழுதாமல் இருக்கும்படி கட்டப்பட்டிருந்தது.

சட்டத்தில் ஓட்டை என்று இதைச் சொல்வது வழக்கம். ஓட்டை என்றால் கவனக்குறைவால் விழுந்தது. 1843இல் லண்டன் கொடுத்த ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டு தைக்காமல் விட்டதை அப்படிச் சொல்ல முடியாது. ராணுவச் சட்டமும் இல்லாமல், போலீஸ் பிரமாணமும் இல்லாமல், சாட்சியும் இல்லாமல் இருந்ததால்தான் அந்தப் படை அந்த வேலையைச் செய்ய முடிந்தது. ஒழுங்கு அதிகாரம் யாருக்கு என்று எழுதியிருந்தால், ஒழுங்கு மீறலுக்குப் பொறுப்பு யாருக்கு என்றும் எழுத வேண்டியிருக்கும். எழுதாமல் விட்டதுதான் அச்சாணி.

படை 1890களிலிருந்து மெல்லக் கரைந்தது. அதில் பணியாற்றிய சப் இன்ஸ்பெக்டர் பிரெடரிக் அர்குவார்ட் 1917இல் குயின்ஸ்லாந்தின் போலீஸ் கமிஷனர் ஆனார். பிற்பாடு வடக்குப் பிரதேசத்தை நிர்வகித்தார். தண்டிக்கப்பட்டவர்கள் பட்டியல் என்று ஒன்று இல்லை.

2023இல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, பூர்வகுடியினருக்கு நேர்ந்ததை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்யும் உண்மை விசாரணை 2024 ஜூலையில் தொடங்கியது. சத்தியம், சாட்சி என்று யாரும் வாயை அடைக்காத ஒரு மன்றம். ஆட்சி மாறியது. அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டம் நீக்கப்பட்டு, விசாரணை நின்றுபோனது.